சம்பளம் ஏறிய பிறகும் நிறம் கேட்ட விலை: பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் கறுப்பின மக்கள் என்றதும் நம் ஊர்ச் செய்திகளில் வருவது இரண்டே வகை ஆட்கள்தான். போலீஸ் குண்டுக்குப் பலியான இளைஞன், இல்லாவிட்டால் ஒபாமா மாதிரி உச்சிக்குப் போன ஒருவர். இடையில் அரசு அலுவலகத்தில் தணிக்கை பார்க்கிறவர், பள்ளித் தலைமையாசிரியை, நர்ஸ், ராணுவத்தில் ஓய்வு பெற்று வந்தவர், சின்ன அளவில் வக்கீல் தொழில் செய்கிறவர் என்று லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பக் கணக்குப் போட்டுக்கொண்டு வாழ்கின்றன. அவர்கள் தங்களை யாராக நினைக்கிறார்கள், மற்றவர்கள் அவர்களை யாராகப் பார்க்கிறார்கள், இவை எங்கே முட்டிக்கொள்கின்றன என்று தெரிய ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அந்த இடம் மேரிலேண்ட் மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி.

வாஷிங்டன் நகரத்தின் கிழக்கு எல்லையைத் தாண்டினால் இந்தக் கவுண்டிதான். அளவில் நம் மாவட்டம் போல வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிகாரம் கூடுதல்: தேர்தலில் ஜெயித்து வரும் தலைவர், சொந்தப் போலீஸ், சொந்தப் பள்ளி நிர்வாகம், சொத்து வரி எல்லாம் அதன் கையில். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள கவுண்டிகளில் நாட்டிலேயே வசதியானது என்ற பெயர் பல ஆண்டுகள் இதற்கு இருந்தது. 2000 சென்சஸில் இங்கே இடைநிலைக் குடும்ப வருமானம் (வரிசைப்படுத்தினால் சரி நடுவில் நிற்கும் குடும்பத்தினுடையது) 55,256 டாலர். நாடு முழுவதற்கும் அது 41,994, மேரிலேண்டுக்கு 52,868. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அதே வருடம் பக்கத்துக் கவுண்டியான மான்ட்கோமரியில் 71,551, போடோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸில் 81,050. நாட்டிலேயே முதலிடம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரையும் விடக் கீழே.

நான் இங்கே வைக்கும் வாதம் ஒன்றுதான். இந்தக் கவுண்டிக்குள் ஒருவர் யார் என்பதை அவருடைய வேலையும் வீடும் தெருவும் தீர்மானிக்கின்றன. ஆனால் பணமோ உயிரோ வெளியாள் ஒருவரின் கையில் போய் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும், அது வங்கி மேஜையாக இருந்தாலும் கடையாக இருந்தாலும் ராத்திரி ரோட்டில் பின்னால் வரும் வண்டியாக இருந்தாலும், முதலில் பார்க்கப்படுவது தோல்தான். இரண்டையும் ஒரே சமயத்தில் சுமந்துகொண்டு வாழ்கிறவர்கள் சும்மா இருப்பதில்லை, அவர்களும் கோடு போடுகிறார்கள், அந்தக் கோடு பெரும்பாலும் தங்களைவிட ஏழையான கறுப்பினத்தவருக்கு எதிராக விழுகிறது. இந்தப் பகுதி பேசக் கஷ்டமானது, ஆனால் அதை விட்டுவிட்டால் கதை பொய்யாகிவிடும்.

புகையிலை நிலம்

இது புகையிலை விளைந்த மண். 1860 கணக்கெடுப்பில் கவுண்டியின் மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் அடிமைகள், மேரிலேண்டில் வேறெந்தக் கவுண்டியிலும் இத்தனை பேர் அடிமைகளாக இல்லை. நார்த்தாம்ப்டன் என்ற தோட்டத்தில் அடிமைகள் குடியிருந்த இரண்டு கட்டடங்களின் அஸ்திவாரம் இன்றும் இருக்கிறது, அதுவும் எங்கே என்றால் ஒரு நடுத்தர வர்க்கக் குடியிருப்பின் வீட்டு வரிசைகளுக்கு நடுவே, சின்னப் பூங்காவாக. அங்கே வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்களே அகழாய்வுக்கு உதவினார்கள். சுற்றிலும் வீடு வாங்கியிருப்பவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்.

அந்த அஸ்திவாரத்துக்கும் இந்த வீடுகளுக்கும் நடுவில் நூறு வருடம் கதவு மூடியே இருந்தது. 1937ல் ரூஸ்வெல்ட் அரசு கிரீன்பெல்ட் என்ற முன்மாதிரி நகரத்தை இந்தக் கவுண்டியில் கட்டியது. கட்டட வேலையில் கறுப்பினத் தொழிலாளர்கள் இருந்தார்கள், குடியேற அவர்களுக்கு அனுமதி இல்லை. 1960களின் தொடக்கத்தில் லெவிட் நிறுவனம் பூயி என்ற ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டி விற்றது. கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னது. 1963ல் கோர் என்ற சிவில் உரிமை அமைப்பு அங்கே மறியல் நடத்தியது. பணம் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவர்கள்தான் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வர்க்கத் தகுதி அன்றைக்கும் கையில் இருந்தது, அது அந்த வாசலில் செல்லவில்லை.

1968ல் வீட்டு வசதியில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது. இன்னொரு பக்கம் மத்திய அரசு வேலை. தனியார் கம்பெனிகள் கறுப்பினப் பட்டதாரிகளை வாசல் காவலுக்கும் லிஃப்டுக்கும் மட்டுமே எடுத்த காலத்தில், தேர்வு எழுதி, கிரேடு ஏறி, ஓய்வூதியத்தோடு வெளியே வரலாம் என்ற ஒரே வழி அரசு அலுவலகம்தான். 1913ல் உட்ரோ வில்சன் ஆட்சி அதே அலுவலகங்களில் இனப் பிரிவினையைப் புகுத்தியது, அது உடைய பல பத்தாண்டுகள் ஆயிற்று. 1960களுக்குப் பிறகு வேகம் கூடியது. சென்சஸ் அலுவலகம் சூட்லண்டில், நாசாவின் காடர்ட் மையம் கிரீன்பெல்ட்டில், ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளமும் இதே கவுண்டியில். வாஷிங்டன் நகரத்தின் நெருக்கமான தெருக்களில் இருந்து குடும்பங்கள் எல்லையைத் தாண்டி வரத் தொடங்கின. 1970ல் கவுண்டியில் கறுப்பினத்தவர் பங்கு சுமார் 14 சதவீதம், 1980ல் 37, 1990ல் பாதியைத் தாண்டிவிட்டது, 2000ல் 63 அளவில். வெள்ளைக் குடும்பங்கள் அதே வேகத்தில் வெளியேறின.

வழக்கமாக அமெரிக்காவில் இப்படி நடந்தால் வருமானம் சரியும், கடைகள் மூடும், வரி வசூல் விழும். இங்கே மக்கள்தொகை மாறிக்கொண்டிருந்தபோதே வருமானமும் படிப்பும் ஏறின. வந்தவர்கள் விரட்டப்பட்டு வந்தவர்கள் கிடையாது, பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள். மான்ட்கோமரியிலோ ஃபேர்ஃபாக்ஸிலோ வீடு வாங்கியிருக்க முடிந்த பலரும், பிள்ளை வகுப்பிலும் கோயிலிலும் பக்கத்து வீட்டிலும் தன்னைப் போன்றவர்களைப் பார்த்து வளர வேண்டும் என்று இங்கே வந்தார்கள்.

வீட்டில் இருப்பதும் வெளியே போவதும்

இங்கே நேர்காணல் எடுத்த சமூகவியலாளர்கள் பதிவு செய்திருப்பதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சின்னச் சின்ன விஷயங்கள்தான். சனிக்கிழமை கடைக்குப் போக நல்ல உடை போட்டுக்கொள்வது, கடைக்காரர் பின்னாலேயே வராமல் இருப்பதற்காக. வீட்டுத் தரகரிடம் பேசத் தொடங்கியதுமே என்ன வேலை, எந்த அலுவலகம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவது, பெரிய வீடு காட்டத் தகுதியானவர்தான் என்று அவர் முடிவு செய்ய வேண்டும் என்பதற்காக. அலுவலகத்தில் ஒரு பேச்சு, வீட்டுக்கு வந்ததும் வேறு பேச்சு. இதெல்லாம் நடிப்பு என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பேச்சும் அவர்களுடையதுதான், படிப்பும் பதவியும் உண்மையாகவே அவர்கள் சம்பாதித்தவை. சிக்கல் என்னவென்றால் அதே பதவியில் இருக்கும் வெள்ளையர் அழுக்கு டீ-ஷர்ட்டில் கடைக்குப் போனாலும் நடுத்தர வர்க்கத்தவர்தான். இவர்கள் ஒவ்வொரு முறையும் நிரூபித்தாக வேண்டும். வர்க்கம் ஒருவருக்குத் தானாக ஒட்டிக்கொள்கிறது, இன்னொருவர் அதைத் தினமும் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

கவுண்டிக்குள் வந்ததும் அந்தப் பாரம் இறங்குகிறது. லேக் ஆர்பர், மிட்செல்வில், ஃபோர்ட் வாஷிங்டன் போன்ற பகுதிகளில் பக்கத்து வீட்டுக்காரர் டாக்டர், எதிர்வீட்டுக்காரர் கர்னல், எல்லோரும் கறுப்பினத்தவர். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எபனேசர் ஏ.எம்.இ. (ஆப்பிரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோபல் என்ற கறுப்பினத் திருச்சபை) தேவாலயம் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனில் இருந்தது, 1980களில் சபையோடு ஃபோர்ட் வாஷிங்டனுக்கே இடம் மாறியது. அதுபோல ஆயிரக்கணக்கானோர் கூடும் பெரிய சபைகள் இங்கே பல. கல்லூரிக் காலத்தில் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா போன்ற பெண்கள் சங்கங்கள் (அது 1908ல், கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது) அறுபது எழுபது வயது வரை தொடர்கின்றன. 1938ல் பிலடெல்பியாவில் தாய்மார்கள் தொடங்கிய ஜாக் அண்ட் ஜில் அமைப்பு, கறுப்பின வசதிக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இருக்கிறது. வெள்ளையர் பெரும்பான்மையான புறநகர்களில் வாழும் கறுப்பினக் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம், பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து நாளும் கிடைக்காத சூழலை வார இறுதியில் ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள்.

இனமும் வர்க்கமும் இங்கே சேர்ந்தே ஒரே அடையாளத்தைக் கட்டுவதை இந்த அமைப்புகளில் பார்க்கலாம். கறுப்பினத்தவர் என்ற பெருமை, அதோடு குறிப்பிட்ட வகைக் கறுப்பினத்தவர் என்ற உணர்வும். வாஷிங்டனின் பழைய கறுப்பின மேட்டுக்குடியில் நிறம் வெளுத்தவர்களுக்கும் பரம்பரைப் பெயருக்கும் தனி மரியாதை இருந்தது. அது சின்ன வட்டம். 1970க்குப் பிறகு வந்த கூட்டம் பெரியது, தாத்தா தெற்கில் குத்தகைக்கு உழுதவர், அப்பா தபால் ஊழியர், மகள் இயக்குநர் என்று ஏறி வந்தவர்கள். அதனால்தான் இறங்கிவிடுவோமோ என்ற பயமும் இவர்களுக்கு அதிகம்.

பிரின்ஸ் ஜோன்ஸ்

2000ம் ஆண்டு செப்டம்பர் 1ம் தேதி. பிரின்ஸ் ஜோன்ஸ், 25 வயது, ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர், அம்மா ரேடியாலஜி டாக்டர். நடுத்தர வர்க்கம் என்பதைக்கூடத் தாண்டிய குடும்பம். பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியின் போலீஸ்காரர் ஒருவர், சீருடை இல்லாமல், போலீஸ் அடையாளம் இல்லாத வண்டியில், வேறொரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தவர், ஜோன்ஸின் ஜீப்பைப் பின்தொடர்ந்தார். மேரிலேண்டில் தொடங்கி, வாஷிங்டன் நகரத்தைக் கடந்து, வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி வரை. தான் மணக்கவிருந்த பெண்ணின் வீட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது ஜோன்ஸ் கொல்லப்பட்டார். 16 முறை சுட்டிருந்தார் அந்தப் போலீஸ்காரர். ஜீப்பால் தன் வண்டியை இடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். நடுராத்திரியில் முன்பின் தெரியாத ஒருவன் இரண்டு எல்லைகளைத் தாண்டித் துரத்தி வந்தால் யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தேடப்பட்டவரின் உடல்வாகும் ஜோன்ஸுடையதும் பொருந்தவில்லை. ஃபேர்ஃபாக்ஸ் அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்ட மறுத்துவிட்டார். 2006ல் சிவில் வழக்கில்தான் ஜூரி போலீஸ்காரரைப் பொறுப்பாக்கி, குடும்பத்துக்கு 37 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது.

சுட்டவரும் கறுப்பினத்தவர். கவுண்டித் தலைவரும் கறுப்பினத்தவர், வாக்காளர்களில் பெரும்பான்மையும் அப்படித்தான். ஆகவே இதை இனப் பிரச்சினை என்று சொல்ல முடியாது என்று சிலர் வாதம் செய்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு கறுப்பின இளைஞன், ஒரு ஜீப், ராத்திரி என்ற மூன்றையும் பார்த்ததும் சந்தேகம் எங்கே போக வேண்டும் என்பதைப் போலீஸ் வேலையே கற்றுக்கொடுத்திருக்கிறது, அதைக் கற்றுக்கொண்டவரின் நிறம் அதை மாற்றிவிடாது. வாஷிங்டன் போஸ்ட் 2001ல் வெளியிட்ட புலனாய்வுத் தொடரின்படி, 1990 முதல் அந்தக் கவுண்டிப் போலீஸ் சுட்டவர்கள் 122 பேர், இறந்தவர்கள் 47 பேர். 2004ல் மத்திய அரசின் நீதித் துறையோடு ஒப்பந்தம் போட்டு மத்திய மேற்பார்வைக்கு உட்பட வேண்டியதாயிற்று. இந்தப் போலீசைக் கேட்டவர்களில் வீட்டு உரிமையாளர்களும் இருந்தார்கள், வாஷிங்டன் பக்கமிருந்து குற்றம் தங்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று. கடுமையான போலீஸ் வேண்டும் என்று கேட்டபோது அது ஏழைப் பையன்களைத்தான் பிடிக்கும் என்று நினைத்திருக்கலாம். அம்மா டாக்டர் என்று அந்த ஜீப்பின் மேல் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

வங்கி

உயிருக்கு அடுத்து வீடு. அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பில் பெரும்பகுதி வீட்டில்தான் இருக்கிறது, கறுப்பினக் குடும்பங்களுக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் பங்குகளும் பரம்பரைச் சொத்தும் குறைவு. அந்த வீட்டில்தான் பெரிய அடி விழுந்தது.

மத்திய அரசின் வீட்டு வசதித் துறை 2000ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே உள்ள கடனை மாற்றிப் புதுக் கடன் எடுத்தவர்களை அது பார்த்தது. வசதியான கறுப்பினப் பகுதிகளில் அப்படி எடுத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு சப்பிரைம் கடன், அதாவது அதிக வட்டியும் பொறியான நிபந்தனைகளும் கொண்ட கடன். ஏழை வெள்ளையர் பகுதிகளில் அந்த அளவு 18 சதவீதம். நல்ல சம்பளம் வாங்கும் கறுப்பினத்தவரின் தெருவுக்கு, ஏழை வெள்ளையரின் தெருவைவிட இரண்டு மடங்கு மோசமான கடன் போயிருக்கிறது. வர்க்கம் உங்களைக் காப்பாற்றும் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டிதான் இதற்கு ஏற்ற சந்தை. வருமானம் இருக்கிறது, வீட்டின் மேல் ஆசை இருக்கிறது, ஆனால் வங்கிகளோடு தலைமுறைப் பழக்கம் இல்லை, கடன் வாங்கித் தருகிறேன் என்று தேவாலயத்துக்கே வந்து பேசுகிறவர் தன் நிறத்தவராக இருந்தால் நம்பிக்கை வருகிறது. மேரிலேண்டின் பால்டிமோர் நகரம் 2008ல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி மேல் போட்ட வழக்கில், அங்கே வேலை பார்த்த கடன் அதிகாரிகளே பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்கள்: கறுப்பினப் பகுதிகளையும் தேவாலயங்களையும் குறிவைத்துச் சென்றோம், சாதாரண வட்டிக்குத் தகுதி இருந்தவர்களையும் சப்பிரைம் பக்கம் தள்ளினோம் என்று. மத்திய அரசின் நீதித் துறை தொடர்ந்த வழக்குகளில் 2011 டிசம்பரில் வீட்டுக் கடன் நிறுவனமான கன்ட்ரிவைட் 33.5 கோடி டாலருக்கும், 2012 ஜூலையில் வெல்ஸ் ஃபார்கோ 17.5 கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டன. குற்றத்தை இரண்டு நிறுவனங்களும் ஒப்புக்கொள்ளவில்லை.

சந்தை சரிந்ததும் மேரிலேண்டிலேயே அதிக ஜப்தி நடந்தது இந்தக் கவுண்டியில்தான். பொருளாதாரம் மீண்டபோது வெள்ளையர் பகுதிகளில் வீட்டு விலை சீக்கிரம் எழுந்தது, இங்கே எழுவதற்கு வருடக்கணக்கில் ஆயிற்று. அது கடன் மட்டும் செய்த வேலை இல்லை. புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் 2018ல் வெளியிட்ட கணக்குப்படி, வீட்டின் தரத்தையும் சுற்றுப்புற வசதிகளையும் சமப்படுத்திப் பார்த்த பிறகும், கறுப்பினத்தவர் பெரும்பான்மையான பகுதிகளில் வீடு 23 சதவீதம் குறைவாக மதிப்பிடப்படுகிறது, சராசரியாக வீட்டுக்கு 48,000 டாலர். சம்பளச் சீட்டில் சமம், சொத்துக் கணக்கில் பாதாளம் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900.

கடைகள் விஷயம் இதைவிடச் சின்னது, ஆனால் அங்கே உள்ளவர்களுக்கு அது எவ்வளவு வலித்தது என்பது ஊர்க் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்த புகார்களில் தெரிகிறது. 1972ல் திறந்த லாண்டோவர் மால் 2002ல் மூடப்பட்டது. வருமானம் இருந்தும் பெரிய கடைகள் வரவில்லை, நல்ல துணி வாங்க வர்ஜீனியா போக வேண்டும், சொந்தக் கவுண்டிக்கு வர வேண்டிய விற்பனை வருவாயை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கவுண்டிக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். 2010ல் வெக்மன்ஸ் பல்பொருள் அங்காடி இங்கே திறந்தபோது அது ஒரு திருவிழா மாதிரி கொண்டாடப்பட்டது. ஒரு மளிகைக் கடைக்கு ஏன் இத்தனை உற்சாகம் என்று வெளியில் இருந்து பார்த்தால் தோன்றலாம். உங்கள் பணம் எங்களுக்கு வேண்டும் என்று ஒரு கடை சொல்வதற்கே பல வருடம் காத்திருந்தவர்கள் அவர்கள்.

பெல்ட்வேக்கு உள்ளேயும் வெளியேயும்

வாஷிங்டனைச் சுற்றி ஓடும் பெல்ட்வே நெடுஞ்சாலை இந்தக் கவுண்டியை இரண்டாகப் பிரிக்கிறது. உள்பக்கம் கேபிடல் ஹைட்ஸ், சீட் பிளசன்ட், சூட்லண்ட்: அடுக்குமாடி வாடகை வீடுகள், பழைய சின்ன வீடுகள், வறுமை. வெளிப்பக்கம் மிட்செல்வில், பூயி: பெரிய புல்வெளி, இரண்டு கார் நிற்கும் கராஜ். வாஷிங்டன் நகரத்தில் வாடகை ஏற ஏற ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் கவுண்டியின் உள்பக்கத்துக்கு வந்தன. வாஷிங்டனில் எட்டு வார்டுகள், அதனால் இந்தக் கவுண்டியை ஒன்பதாவது வார்டு என்று அழைக்கிற பழக்கம் வந்தது. வெளிப்பக்கத்துக் குடும்பங்கள் பலருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. நாங்கள் எதை விட்டு வந்தோமோ அது பின்னாலேயே வருகிறது என்ற கோபம் அதில் இருக்கிறது.

பள்ளிப் பேருந்துக் கதையிலும் அதே கோடு தெரிகிறது. இனப் பிரிவினையை உடைக்க, நீதிமன்ற உத்தரவின்படி 1973 ஜனவரியில் மாணவர்களைப் பேருந்தில் வெவ்வேறு பள்ளிகளுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். வெள்ளையர் வெளியேறியது அதனால் வேகமானது. 1990களில் பார்த்தால், கறுப்பினக் குழந்தைகளைக் கறுப்பினப் பகுதியில் ஏற்றி, தூரத்தில் உள்ள இன்னொரு கறுப்பினப் பெரும்பான்மைப் பள்ளியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1994ல் கவுண்டித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் வேன் கரி இதை நிறுத்த வேண்டும் என்று முன்னின்றார், 1998 சமரசத்துக்குப் பிறகு படிப்படியாக நின்றது. பக்கத்துப் பள்ளி வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் பக்கத்துப் பள்ளி என்று வந்துவிட்டால் பெல்ட்வேக்கு உள்ளே இருப்பவருக்கு ஒரு பள்ளி, வெளியே இருப்பவருக்கு வேறு பள்ளி.

வரி வாக்கெடுப்பு இன்னும் தெளிவானது, அதைத்தான் இந்த ஆய்வின் நடுப்புள்ளி என்று நான் நினைக்கிறேன். 1978ல், வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்தபோதே, டிரிம் என்ற திருத்தம் வாக்கெடுப்பில் ஜெயித்தது. கவுண்டி வசூலிக்கும் சொத்து வரிக்கு அது பூட்டு போட்டது. பின்னாடி வந்த கறுப்பினப் பெரும்பான்மை, பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பணம் தேவைப்பட்ட நேரத்தில், முந்தைய ஆட்கள் போட்ட பூட்டோடு மாட்டிக்கொண்டது. இதுவரை இது இனக் கதை. 1996ல் கரி அதை நீக்க வாக்காளர்களிடம் போனார். அப்போது கவுண்டியில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர். நீக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது, கூடவே வரி ஏற்றுவதை இன்னும் கடினமாக்கும் வேறொரு திருத்தமும் நிறைவேறியது. வீடு வைத்திருப்பவர்கள் வீட்டுக்காரர்களாக வாக்களித்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, வெளியே வங்கியும் கடையும் மதிப்பீட்டாளரும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டது போக மிஞ்சிய பணத்தை அவர்கள் காப்பாற்றப் பார்த்தார்கள். ஆனால் அந்த வாக்கின் சுமையை வாடகை வீட்டுப் பிள்ளைகள்தான் சுமந்தார்கள், இதையும் மறைக்க முடியாது. பள்ளித் தேர்வு மதிப்பெண்கள் மோசமாக இருந்ததால் வீட்டு மதிப்பும் ஏறவில்லை, ஆக அவர்களுக்கே அது திரும்பி வந்தது. (அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களும் முதலில் பார்ப்பது பள்ளி ரேட்டிங்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.)

2010 நவம்பரில் கவுண்டித் தலைவர் ஜாக் ஜான்சன் லஞ்ச வழக்கில் கைதாகி, பிறகு ஏழு வருடத்துக்கும் மேல் சிறைத்தண்டனை பெற்றார். எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஊழல்தான். ஒரு வெள்ளை அரசியல்வாதி மாட்டினால் அது அவருடைய கேவலம். இங்கே ஒருவர் செய்தது ஊர் முழுவதன் தலையிலும் வந்து விழுந்தது, தங்கள் கவுண்டியைத் தாங்களே நடத்திக் காட்டுகிறோம் என்று பல வருடமாகச் சொல்லி வந்தவர்களுக்கு.

இன்றைக்கு

இப்போது படம் மாறிக்கொண்டிருக்கிறது. கவுண்டியில் ஐந்தில் ஒரு பங்கு ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழிவந்த) மக்கள், கறுப்பினத்தவர் பங்கு 60 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. வசதியில் முதலிடம் என்ற பெயரைத் தெற்கே உள்ள சார்ல்ஸ் கவுண்டி எடுத்துக்கொண்டது, அங்கே போனவர்களில் நிறையப் பேர் இங்கிருந்து போனவர்கள். இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் பெரிய வீடு, அதே தேடல். மறுபக்கம் அரசியல் பலம் கூடியிருக்கிறது: கவுண்டித் தலைவராக இருந்த ஏஞ்சலா ஆல்ஸோபுரூக்ஸ் 2024ல் அமெரிக்க செனட்டுக்குத் தேர்வானார், மேரிலேண்டில் இருந்து போகும் முதல் கறுப்பினச் செனட்டர்.

ஆனால் இந்த வர்க்கத்தின் அடித்தளமே அரசு வேலை. நாட்டின் மத்திய அரசு சிவில் ஊழியர்களில் சுமார் 18 சதவீதம் கறுப்பினத்தவர், மொத்தத் தொழிலாளர்களில் அவர்கள் பங்கைவிட இது அதிகம். 2025ல் மத்திய அரசு ஊழியர்களைக் கூட்டம் கூட்டமாகக் குறைக்கத் தொடங்கியபோது, தலைப்புச் செய்திகளில் அது அரசுச் செலவுக் கணக்காக வந்தது. பிரின்ஸ் ஜார்ஜஸில் அது இரண்டு தலைமுறை ஏறி வந்த ஏணி. 2023 நவம்பரில் எஃப்.பி.ஐ. தலைமையகத்துக்குக் கிரீன்பெல்ட் தேர்வாகியிருந்தது, ஆயிரக்கணக்கான வேலைகளும், கடைகளைக் கூப்பிடத் தேவையான நடமாட்டமும் கவுண்டிக்கு வர இருந்தன. 2025 ஜூலையில் அந்த முடிவு கைவிடப்பட்டு, தலைமையகம் வாஷிங்டனிலேயே ரொனால்ட் ரீகன் கட்டடத்துக்குப் போகும் என்று அறிவித்தார்கள். வேலை போனவர்களில் எத்தனை பேர் மாதக் கடன் கட்ட முடியாமல் நிற்கப் போகிறார்கள், அப்போது வங்கிகள் அவர்களிடம் எப்படி நடந்துகொள்ளும், அடுத்த சில வருடங்களில் நான் கவனிக்கப்போவது இதைத்தான்.